சித்தையன்கோட்டைச் சமவெளியின் பனிக்காலப் பழக்கங்கள்

நிலமும் பருவமும்

திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே, பழனி மலைத்தொடரின் அடிவாரத்தை நோக்கிப் பரந்த வயல்வெளியில் உள்ள பேரூர் சித்தையன்கோட்டை. ஆத்தூர், செம்பட்டி, சின்னாளபட்டி ஆகியவை அண்டை ஊர்கள். மேற்கே பன்றிமலை, ஆடலூர், தாண்டிக்குடி மலைகள் நிற்கின்றன. அங்கே பெய்யும் மழை அடிவாரத்து ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, குடகனாறாக வடக்கே ஓடி அமராவதியில் கலக்கிறது. ஆற்று நீரும் கண்மாய் நீரும் பாயும் இடங்களில் நெல்லும் தென்னையும், மற்ற இடங்களில் கிணற்றுப் பாசனமும் மானாவாரியும் என இந்த வட்டாரத்தின் வேளாண்மை அமைந்திருக்கிறது.

இங்கே குளிர்காலம் என்றால் உறைபனி இல்லை. கொடைக்கானல் ஏரிக்கரைப் புல்லில் வெண்பனி உறையும் தை மாதத்திலும் கீழே சமவெளியில் இரவு வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். உடலை வருத்துவது ஈரம். திண்டுக்கல் மாவட்டத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, ஐப்பசி முதல் மார்கழிக்குள் வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. மழை ஓய்ந்ததும் விடிகாலைப் பனிமூட்டம் வரும். பகல் வெயிலுக்கும் பின்னிரவுக் குளிருக்கும் இடைவெளி பெரிது. நனைந்த மண், காயாத துணி, தேங்கிய நீர், மலையிலிருந்து இறங்கும் இரவுக்காற்று ஆகிய நான்கும் சேர்ந்ததே இந்த ஊரின் குளிர்காலம்.

தமிழர் ஆண்டை ஆறு பொழுதுகளாகப் பகுத்தபோது, இந்தக் காலத்துக்கு மட்டும் மூன்று பெயர்கள் வைத்தார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்றுக்கு வாடை என்று தனிப்பெயர். ‘கூதிர்’ என்ற பழஞ்சொல்லின் உறவான ‘கூதல்’ மதுரை, திண்டுக்கல் வட்டாரப் பேச்சில் இன்றும் வழங்குகிறது. விடியற்காலையில் போர்வையை இழுத்து மூடுகிறவர் ‘கூதலடிக்குது’ என்றுதான் சொல்கிறார்.

கூதலைத் தாங்க இந்தச் சமவெளி மக்கள் கைக்கொண்ட வழிகள் சிறியவை: எண்ணெய், வெந்நீர், மிளகு, சுக்கு, சுண்ணாம்பு, ஒரு கம்பளி. தனித்தனியே பார்த்தால் எதுவும் பெரிய மருத்துவம் இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் ஒரு கிழமையோடோ திருநாளோடோ அறுவடையோடோ முடிந்து வைத்ததால், அவை மறக்கப்படாமல் தலைமுறைகளைக் கடந்தன.

சங்க காலத்துச் சான்று

பாண்டிய நாட்டுக் குளிர்காலத்தின் மிக விரிவான பழைய பதிவு, பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை. நக்கீரர் பாடிய 188 அடிகள் கொண்ட இந்நூலின் தலைவன், தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் என்பது மரபு. வாடைக்காலம் மனிதரின் அன்றாடத்தை எப்படி மாற்றுகிறது என்பதை நூலின் முற்பகுதி வரிசையாகக் காட்டுகிறது.

மழை வெள்ளத்துக்கு அஞ்சிய கோவலர் ஆநிரையை மேட்டுநிலத்துக்கு ஓட்டிச் செல்கிறார்கள். பலர் கூடி நெருப்பில் கை காய்ந்து, அந்தச் சூட்டைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டும் நடுங்குகிறார்கள். ஊருக்குள் வேனிற்காலப் பொருள்கள் எல்லாம் ஓய்வு பெறுகின்றன. சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. விசிறி முளையில் தொங்குகிறது. தென்றலுக்காகத் திறந்து வைத்த சாளரங்கள் தாழிடப்படுகின்றன. குறுகிய வாயுடைய கலத்தில் குளிர்ந்திருக்கும் நீரை யாரும் பருகுவதில்லை. அகன்ற வாயுள்ள தடவில் கனலும் நெருப்பை நாடுகிறார்கள். பெண்கள் கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டுகிறார்கள்.

இந்தப் பட்டியலில் மருந்து எதுவும் இல்லை. குளிர்ந்த நீரை விலக்குவது, காற்று வழியை அடைப்பது, கூடி நெருப்புக் காய்வது, தலைமுடியைப் புகையில் உலர்த்துவது என எல்லாமே அன்றாடச் செயல்கள். பின்வந்த நூற்றாண்டுகளில் வெந்நீர் குடித்ததும், குளித்த தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டியதும் இந்தப் பழக்கங்களின் தொடர்ச்சி. அகில் அரிதாகி விலையேறிய பின் கடல்வழி வந்த சாம்பிராணி அதன் இடத்தைப் பிடித்தது.

நீராட்டு

குளிரில் விடியுமுன் குளிப்பது தமிழகத்தின் பழைய வழக்கம். பரிபாடலின் 11ஆம் பாடல், வைகையில் கன்னிப் பெண்கள் பனிக்கால விடியலில் ஆடும் நீராட்டை அம்பா ஆடல் என்று குறிப்பிடுகிறது. தைந்நீராடல் என்று பெயர் பெற்ற இந்த நோன்பே பின்னர் ஆண்டாளின் திருப்பாவையிலும் மாணிக்கவாசகரின் திருவெம்பாவையிலும் மார்கழி நோன்பாக வடிவம் கொண்டது. திருப்பாவையின் 30 பாடல்களும் திருவெம்பாவையின் 20 பாடல்களும் கோயில்களில் ஓதப்படத் தொடங்கியதும், மார்கழி விடியல் ஊர் முழுவதும் விழித்திருக்கும் வேளையாயிற்று. குளித்து, வாசல் தெளித்து, கோலமிட்டு, சாணப் பிள்ளையாரின் தலையில் பூசணிப்பூ வைத்து, கோயிலுக்குப் போய் மிளகும் நெய்யும் சேர்ந்த சூடான பொங்கலை வாங்கி உண்பது வரை ஒரே தொடராக அமைந்தது.

மார்கழி விடியலில் காற்றில் ஓசோன் மிகுதி, அதனால் உடலுக்கு நல்லது என்ற விளக்கம் இப்போது பரவலாகச் சொல்லப்படுகிறது. இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை. தரையை ஒட்டிய ஓசோன் சூரிய ஒளியால் உருவாவது. விடியுமுன் அது மிகக் குறைவாகவே இருக்கும். மேலும் அது நுரையீரலுக்குத் தீங்கானது. மார்கழி விடியலின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. குளிரில் படுக்கையிலேயே சுருண்டு கிடக்கத் தோன்றும் காலத்தில் உடல் அசைகிறது, காலை வெளிச்சம் கண்ணில் படுகிறது, அண்டை வீட்டாரின் முகம் தெரிகிறது.

இந்தக் குளியல் அக்காலத்தில் அவ்வளவு துன்பமாக இருந்ததில்லை என்பதற்கு இயற்பியல் காரணம் உண்டு. நிலத்தடி நீர், அந்த இடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே எப்போதும் இருக்கும். ஆகவே கோடையில் குளிர்ச்சியாகப் படும் கிணற்றுநீர், மார்கழி விடியலில் வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பாக இருந்து ஆவி கிளப்பும். கமலை ஏற்றம் இருந்த காலத்திலும், 1950களிலும் 60களிலும் மின்சாரம் வந்து பம்புசெட்டுகள் பெருகிய பின்னும், வயல் கிணற்றடியே ஆண்களின் பனிக்காலக் குளியலறை. மேல்நிலைத் தொட்டியில் இரவு முழுக்கக் குளிர்ந்த நீர் குழாய்வழி வீட்டுக்குள் வந்த பிறகுதான், விடியற்காலைக் குளியல் பலருக்கும் எட்டாததாயிற்று.

எண்ணெய்க் குளியல் இதன் மறுபாதி. தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதி, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்து வெந்நீரில் முழுகச் சொல்கிறது. குடிக்கும் நீரைக் காய்ச்சிச் சுருக்கவும், மோரை நீர்விட்டுப் பெருக்கவும், நெய்யை உருக்கவும் அந்நூல் விதிக்கிறது. ஊர் வழக்கம் நான்கு நாளைக் கிழமைகளாக மாற்றிக்கொண்டது: ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் இரண்டு மிளகும் சிறிது சீரகமும் போட்டுக் காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டில் உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்து, மலையடிவாரத்துச் சீயக்காயோ அரப்புத்தூளோ கொண்டு எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவார்கள். அன்று தயிரையும் பழைய சோற்றையும் தவிர்த்து மிளகு ரசச் சோறு உண்பார்கள். மழை பெய்யும் நாளிலும் காய்ச்சல் உள்ள நாளிலும் எண்ணெய் தேய்ப்பதில்லை.

ஐப்பசியில் வரும் தீபாவளி, இந்தக் கிழமைக் குளியலை ஊர்ப் பொதுவான குளியலாக்கியது. தமிழகத்தில் தீபாவளி பரவியதில் நாயக்கர் ஆட்சிக்குப் பெரும் பங்குண்டு என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. திண்டுக்கல் மலைக்கோட்டை மதுரை நாயக்கர்களின் முக்கிய அரண். கூதிர்ப் பருவத்தின் வாசலில், ஏழை செல்வர் என்ற வேறுபாடு பாராமல் ஒவ்வொரு வீட்டிலும் விடியுமுன் எண்ணெயும் வெந்நீரும் ஏற்பாடாகும் நாளாக அது நிலைபெற்றது.

மலையின் மிளகும் வயலின் இஞ்சியும்

குளிர்கால உணவின் அடிப்படை, காரமும் சூடும். இதை விளக்கும் பழைய கொள்கை சித்த மருத்துவத்தின் வளி, அழல், ஐயம் என்ற மூன்றின் சமநிலை. பனியில் சேரும் ஐயம் வெயில் ஏறும்போது பெருகிச் சளி, இருமல், இரைப்பு எனத் தொல்லை தரும் என்பது அதன் கணிப்பு. அதே மருத்துவம், முன்பனியும் பின்பனியும் உடல் வலிமை மிகும் காலம் என்றும் சொல்கிறது. நன்றாக உண்டு உடம்பைத் தேற்றுவதற்கு உகந்த காலமாகவே பனிக்காலம் கருதப்பட்டது.

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் நல்லாதனார் இயற்றிய ஒன்றுக்குத் திரிகடுகம் என்றே பெயர். ஒவ்வொரு பாடலிலும் மும்மூன்று கருத்துகளைச் சொல்லும் அறநூலுக்கு ஒரு மருந்தின் பெயரை இடமுடிந்தது என்றால், அந்த மருந்து அக்காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் அறிமுகமாகியிருந்தது என்று பொருள்.

சித்தையன்கோட்டை வட்டாரத்துக்கு இந்தச் சரக்குகள் தொலைவிலிருந்து வரவேண்டியதில்லை. மேற்கே கண்ணுக்குத் தெரியும் கீழ்ப்பழனி மலையின் சரிவுகளில் மிளகும் ஏலமும் காப்பியும் விளைகின்றன. காப்பிப் பழம் பறிப்பது கார்த்திகை, மார்கழியில். மிளகுக் கொத்து முற்றுவது தை, மாசியில். சமவெளித் தோட்டங்களில் இஞ்சியும் மஞ்சளும் அறுவடையாவதும் தை மாதத்தில்தான். பொங்கல் பானையின் கழுத்தில் இலையோடு கட்டும் மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் அந்த அறுவடையின் முதல் பங்கு. உடலுக்கு வேண்டிய பொருள் எந்த மாதத்தில் புதிதாகக் கிடைக்கிறதோ, அந்த மாதத்துத் திருநாளில் அது இடம் பிடித்தது. கொடைக்கானல் மலைப்பூண்டும் இந்த வரிசையில் வருவது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

மிளகாய் இங்கே 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக வந்த பயிர். அதற்கு முன் சமையலின் காரம் முழுவதும் மிளகும் இஞ்சியும் தந்ததே. புதிய காய்க்கு மிளகின் பெயரையே கொடுத்து மிளகாய் என்றார்கள். நாள்தோறும் வைக்கும் குழம்பை மிளகாய் பிடித்துக்கொண்டது. மிளகு நோயாளியின் தட்டுக்கும், பிள்ளை பெற்றவளின் பத்தியத்துக்கும், பனிக்கால ரசத்துக்கும் உரியதாகச் சுருங்கியது. தூதுவளை, முடக்கத்தான், கொள்ளு, பூண்டு என ரசத்தின் துணைப்பொருள் மாறினாலும் மிளகும் சீரகமும் மாறவில்லை. வேலியோரத்தில் தானாகப் படரும் தூதுவளையைப் பறித்துவர யாருக்கும் காசு தேவைப்படவில்லை.

தீபாவளி லேகியம் இந்த அறிவின் தொகுப்பு. சுக்கு, மிளகு, அரிசித்திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், கொத்தமல்லி விதை ஆகியவற்றை இடித்துச் சலித்து, வெல்லப்பாகில் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுச் சுருள வந்ததும் இறக்குவார்கள். எண்ணெய்க் குளியல் முடிந்ததும், பலகாரத்தில் கை வைக்கும் முன் ஆளுக்கு ஒரு நெல்லிக்காய் அளவு உண்பது முறை. நாட்டு மருந்துக் கடைகளில் இந்தச் சரக்குகளை ஒன்றாகப் பொட்டலம் கட்டி விற்பதும் ஐப்பசி மாத வணிகமாகவே நடந்துவருகிறது.

இசுலாமியர் வீடுகளில் இதே வேலையைச் செய்தது நோன்புக் கஞ்சி. பிறைக்கணக்கில் வரும் ரமலான் எல்லாப் பருவங்களிலும் சுழன்று வரும். 1997 முதல் 2000 வரையிலான ஆண்டுகளில் அது கூதிர், முன்பனி மாதங்களில் அமைந்தது. அரிசியோடு பூண்டு, இஞ்சி, வெந்தயம், கறி சேர்த்துப் பள்ளிவாசலில் ஒரே அண்டாவில் காய்ச்சிப் பகிரப்படும் அந்தக் கஞ்சி, நோன்பு திறப்பவருக்குச் சூடும் வலுவும் தந்தது. அண்டை வீட்டு இந்துக் குழந்தைகளும் தூக்குவாளியோடு போய் வாங்கிவருவது தமிழகத்துப் பள்ளிவாசல் தெருக்களில் காணும் காட்சி.

வயற்காட்டில்

சம்பா நெல்லின் நடவும் களையெடுப்பும் மழைக்காலத்தில் நடப்பவை. ஈரத்தில் நாள் முழுதும் நின்றவர்கள், பெரும்பாலும் பெண்கள். அவர்களின் முதல் பனிக்கால நோய் சளியன்று, சேற்றுப்புண். விரலிடுக்கில் ஈரம் தங்கித் தோல் வெந்து, பூஞ்சையும் கிருமியும் பற்றுவதால் வருவது அது. மாலையில் கால்களைக் கழுவித் துடைத்து, அரைத்த மருதாணியையோ மஞ்சளோடு குழைத்த வேப்பெண்ணெயையோ விரலிடுக்கில் அப்பிக்கொண்டு படுப்பது நடவுக்காரர்களின் அன்றாடக் காவல். மருதாணியின் செந்நிறத்துக்குக் காரணமான லாசோன் என்ற பொருளுக்குப் பூஞ்சையை அடக்கும் தன்மை உண்டு என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்தன. அலங்காரம் என்று எண்ணப்படும் மருதாணி, உழைக்கும் பெண்களின் காலில் மருந்தாகவே இருந்தது.

தூறலில் வேலை செய்தவர்கள் சணல் சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் செருகித் தலைமேல் கவிழ்த்துக்கொண்டார்கள். கொங்காணி என்று அழைக்கப்பட்ட இது முதுகையும் தலையையும் காத்தது. குறும்பாடு மேய்ப்பவர்கள் ஆட்டுமயிரில் நெய்த கருங்கம்பளி, நனைந்த பின்னும் சூடு காக்கும் ஒரே துணி. ஆனால் அதை வாங்க எல்லாராலும் முடியவில்லை. சின்னாளபட்டிச் சேலைகள் உட்பட இந்த வட்டாரத்து நெசவு மெல்லிய பருத்தியையும் செயற்கைப் பட்டையும் சார்ந்தது. குளிருக்கு அது போதாது. காதை மூடித் துண்டைச் சுற்றிக்கொள்வதும், வைக்கோலைப் பரப்பி அதன்மேல் பாய் விரிப்பதும், திண்ணையை விட்டு உள்வீட்டில் படுப்பதும் ஏழையின் கம்பளியாக இருந்தன.

தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடப்பவர்கள் இந்த வழிகள் அனைத்தையும் சாலையில் கடைப்பிடிக்கிறார்கள். மதுரைப் பக்கமிருந்து வருவோர் செம்பட்டி, ஒட்டன்சத்திரம் வழியாகவும், செட்டிநாட்டு நகரத்தார் நத்தம், திண்டுக்கல் வழியாகவும் நடக்கிறார்கள். வெயிலுக்கு முன்னும் பின்னும் நடந்து, இரவில் காலுக்கு எண்ணெய் தேய்த்து, வழியோர ஊர்களில் கொடுக்கும் சுக்குக் கசாயத்தைக் குடித்துப் போகும் அந்தக் கூட்டம், பனிக்காலப் பழக்கங்களை ஆண்டுக்கு ஒருமுறை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்கிறது.

வீடு

மழைக்காலம் முழுவதும் ஈரம் குடித்த மண்சுவரில் பூஞ்சை படரும். பாய்களில் மூட்டைப்பூச்சி சேரும். போகியன்று பழையன கழித்து, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது இந்த ஈரத்துக்கு வைத்த முடிவு. சுண்ணாம்பு கடுங்காரத் தன்மை உடையது. பூஞ்சையும் நுண்ணுயிரும் அதில் வாழா. அன்று மாலை கூரைமுனையிலும் வாசலிலும் கண்ணுப்பீளை, ஆவாரம்பூ, வேப்பிலை சேர்த்துக் கட்டும் காப்பு, திண்டுக்கல், மதுரை வட்டாரங்களிலும் உள்ள வழக்கம். மூன்றும் வேலியில் கிடைப்பவை, மூன்றும் சித்த மருத்துவம் அறிந்தவை. வீட்டைச் சுத்தம் செய்து முடித்ததற்கு அந்தக் கொத்து அடையாளமாகத் தொங்கியது.

குழந்தைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் தனிக் கவனிப்பு இருந்தது. வசம்பு, மாசிக்காய், சாதிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றைக் கல்லில் இழைத்துத் தரும் உரைமருந்து, தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து கொடுக்கும் ஒத்தடம், நொச்சித் தழை போட்ட வெந்நீரில் பிடிக்கும் வேது, நெற்றியில் இடும் சுக்குப் பற்று ஆகியவை பாட்டிமார் கையில் இருந்த மருத்துவம். அவற்றை எழுதி வைத்தவர் யாரும் இல்லை. பேத்தியின் பிள்ளைப்பேற்றில் பாட்டி செய்ததைப் பார்த்துப் பேத்தி கற்றாள்.

காய்ச்சலும் கும்பினி மருத்துவரும்

சிறு பழக்கங்களால் தாங்க முடியாத பனிக்காலங்களும் வந்தன. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சிக்கு வந்த திண்டுக்கல் பகுதி, 1809 முதல் 1811 வரை மதுரை, கோயம்புத்தூர், திருநெல்வேலிப் பகுதிகளோடு சேர்ந்து கொடிய கொள்ளைக்காய்ச்சலுக்கு ஆளானது. காரணத்தை ஆராயச் சென்னை அரசு ஒரு மருத்துவக் குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 1816இல் லண்டனில் அச்சேறியது. பருவம் தப்பிய மழையும் தேங்கிய நீரும் நச்சுக்காற்றை எழுப்பிக் காய்ச்சல் தருவதாக நம்பிய காலம் அது. மலேரியாவைக் கொசு பரப்புவதற்கான சான்றை ரொனால்ட் ராஸ் 1897இல்தான் கண்டார்.

அந்தக் குழுவில் இருந்தவர்களுள் ஒருவர் வைட்லா ஐன்ஸ்லி. இவர் தென்னிந்தியாவின் மருந்துச் சரக்குகளைத் தமிழ்ப் பெயர்களோடு தொகுத்து 1813இல் சென்னையில் நூலாக வெளியிட்டவர். அதன் விரிந்த வடிவம் 1826இல் இரண்டு தொகுதிகளாக லண்டனில் வந்தது. கொள்ளைநோயின் முன் எல்லா மருத்துவமும் தடுமாறிய அந்த ஆண்டுகளில், அஞ்சறைப் பெட்டிச் சரக்குகளுக்கு அச்சில் ஒரு பதிவும் கிடைத்தது.

அதே காய்ச்சலும் வெப்பமும் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரியார்களை மலைக்கு விரட்டின. 1835இல் திண்டுக்கல்லில் கால்வைத்த அவர்கள், குடும்பத்தாரை நோய்க்குப் பறிகொடுத்த நிலையில் 1845இல் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அவர்களுக்குக் குளிர் நலமளித்தது. சமவெளி மக்களுக்கு மலையடிவாரம் மலைக்காய்ச்சலின் இருப்பிடமாகவே தெரிந்தது. எங்கே பிறந்து எதற்குப் பழகியது என்பதைப் பொறுத்தே ஒரே குளிர் ஓர் உடலுக்கு மருந்தாகவும் மற்றோர் உடலுக்கு அச்சமாகவும் இருந்தது.

காப்பியும் தைலமும்

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் காப்பி தமிழர் காலைப்பொழுதைக் கைப்பற்றியது. அதுவரை உழைப்பாளிகளின் காலைப் பானம் நீராகாரம். காப்பிக்கு எழுந்த எதிர்ப்பையும் அது அடைந்த வெற்றியையும் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் ஆராய்ந்திருக்கிறார். காப்பியின் செல்வாக்கு எவ்வளவு என்றால், சுக்கும் மல்லியும் மிளகும் கருப்பட்டியும் கொதிக்கும் பழைய கசாயத்துக்கே ‘சுக்குக் காப்பி’ என்று பெயர் வந்தது. காப்பிக்கொட்டை ஒன்றுகூட இல்லாத அந்தப் பானம், பேருந்து நிலையங்களிலும் சந்தைகளிலும் மிதிவண்டி மேல் ஏறிப் பிழைத்துக்கொண்டது.

நெற்றிப் பற்றின் இடத்தைத் தைலங்கள் பிடித்தன. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனம் 1936இல் சென்னைக்கு இடம்பெயர்ந்து தமிழ் வீடுகளில் நிலைத்தது. சிங்கப்பூரில் 1928இல் தொடங்கிய நிறுவனத்தின் கோடாலித் தைலம், கடல்கடந்து பிழைக்கப் போனவர்களின் பெட்டியில் ஊர் வந்து, விருந்தினருக்குக் கொடுக்கும் பரிசாகவே ஆயிற்று. இவற்றிலுள்ள மெந்தால் மூக்கடைப்பை நீக்குவதில்லை. நரம்புகளில் குளிர்ச்சி உணர்வைத் தூண்டுவதால் மூச்சு எளிதானதுபோல் தோன்றுகிறது. அந்த ஆறுதலும் தலைவலிக்காரருக்குச் சிறியதன்று.

ஆத்தூர் வட்டாரத்தின் நலப்பணி

நாடு விடுதலை பெற்ற 1947இல் டாக்டர் டி. எஸ். சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார்கள். மருத்துவரான சௌந்தரம் 1952இல் ஆத்தூர் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். காந்திகிராமத்தில் வளர்ந்த கஸ்தூரிபா மருத்துவமனை, சுற்றுவட்டாரப் பெண்களின் பிள்ளைப்பேற்றுக்குப் புகலிடமாயிற்று.

1959இல் காந்திகிராம முன்னோடி நலத்திட்டம் ஆத்தூர் ஊராட்சி ஒன்றியத்தில் தொடங்கியது. கிராமத்துக்குக் கிராமம் நலப்பணியாளர் சென்று தாய்சேய் நலம், குடும்பநலம், சுற்றுப்புறத் தூய்மை பற்றி வீட்டாரோடு பேசினார்கள். ஊரில் மதிப்புள்ளவர்களைக் கண்டறிந்து, அவர்கள் வழியாகச் செய்தியைக் கொண்டுசேர்ப்பது அதன் முறை. அந்த அனுபவத்திலிருந்து 1964இல் காந்திகிராம ஊரக நல நிறுவனம் உருவானது. ஆத்தூர் வட்டாரத்தின் பெயர் இந்தியப் பொதுநல வரலாற்றில் இடம்பெற்றதற்கு இந்தப் பணியே காரணம். அண்டை வீட்டார் செய்வதைப் பார்த்துத் தானும் செய்யும் இயல்பை, தீபாவளிக் குளியலுக்கும் மார்கழிக் கோலத்துக்கும் உயிர் கொடுத்த அதே இயல்பை, இத்திட்டம் புதிய நலவழிகளுக்குப் பயன்படுத்தியது. காந்திகிராமத்தின் லட்சுமி சேவா சங்கம் சித்த, ஆயுர்வேத மருந்துகளைத் தயாரித்து, பழைய சரக்குகளுக்குப் புதிய புட்டியும் அளித்தது.

இன்றைய நிலை

கொசுவும் நுண்ணுயிரும் தெரிந்த காலத்தில் பனிக்கால அச்சங்களும் மாறியுள்ளன. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி டெங்கு பரவுகிறது. ஃபுளூ காய்ச்சலும் தமிழகத்தில் இந்த மாதங்களில் மிகுகிறது. 2012 டெங்குப் பரவலின்போது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரையும், 2020 கொரோனாத் தொற்றின்போது கபசுரக் குடிநீரையும் மக்களுக்கு வழங்கியது. முன்னதில் ஒன்பது சரக்குகள், பின்னதில் பதினைந்து. இரண்டிலும் சுக்கு உண்டு. குடிநீர் குடித்தாலும், தேங்கிய நீரைக் கொட்டுவதும் கொசுவலை கட்டுவதும் சோப்பிட்டுக் கை கழுவுவதும் விடமுடியாத கடமைகள். காய்ச்சல் மூன்று நாளில் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை தேவை.

பழைய பழக்கங்களுள் சிலவற்றை மருத்துவம் ஆதரிக்கிறது. தோல் வறளும் பின்பனியில் எண்ணெய் தேய்ப்பது ஈரப்பசையைக் காக்கிறது. மஞ்சளோடு மிளகு சேர்ப்பதற்கும் காரணம் கிடைத்திருக்கிறது. மிளகிலுள்ள பைப்பரின், மஞ்சளின் குர்குமினை உடல் உட்கொள்ளும் அளவை மனிதர்களில் ஏறத்தாழ 20 மடங்கு உயர்த்துவதைப் பெங்களூரில் நடந்து 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. மிளகு தூவிய மஞ்சள் பால் அந்த ஆய்வுக்கு வெகுகாலம் முன்பே வீட்டில் இருந்தது.

சிலவற்றை விட்டுவிட வேண்டும். கைக்குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது ஆபத்தானது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். குழந்தையின் அருகே சாம்பிராணிப் புகை அடர்ந்தால் மூச்சுக்குழல் சுருங்கும். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குழந்தைக்கு வேது பிடிப்பதால் தீப்புண் நேர்கிறது. மூடிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். நெடுநல்வாடை காலத்துத் தடவு, கதவிடுக்கில் காற்று புகுந்த வீட்டில் எரிந்தது. கான்கிரீட் அறைக்கு அது பொருந்தாது.

சித்தையன்கோட்டைச் சமவெளியில் இன்று விறகடுப்பு குறைந்திருக்கிறது, கிணற்றடிகள் ஆளற்றுக் கிடக்கின்றன, தூதுவளை படர்ந்த வேலிகள் கம்பிவேலிகளாகிவிட்டன. கிழமை பார்த்த எண்ணெய்க் குளியல் பல வீடுகளில் நின்றுவிட்டது. ஆனால் தீபாவளி விடியலின் எண்ணெய்க் குளியலும் லேகியமும், மார்கழி வாசலின் கோலமும், பொங்கல் பானையின் இஞ்சிக் கொத்தும், தை மாதத்துப் பழனிப் பாதையின் சுக்குக் கசாயமும் நிற்கவில்லை. தனியாகச் செய்ய வேண்டியவை தேய்ந்தன, ஊர்கூடிச் செய்தவை நீடிக்கின்றன.